அளந்தறியும் கல்வி

ஐந்தாம் வகுப்பு மாணாக்கர் முப்பது பேரிடம், ஒரு மீற்றருக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று வினவினால், முப்பது குரலும் ஒன்றாகி, ‘நூறு’ என்று விடை பகரும். அதே முப்பது பேரையும் கண்ணை மூடச்செய்து, இரு கைகளையும் விரித்து ஒரு மீற்றர் நீளத்தைக் காட்டுமாறு கேட்டால் காட்சி வேறாகிவிடும். ஒரு பிள்ளையின் கைகள் நெஞ்சின் அகலத்தோடு நின்றுவிடும். மற்றொரு பிள்ளை அருகிலிருப்பவரின் முகத்தில் இடிக்குமளவுக்குக் கைகளை நீட்டும். மூன்றாவது பிள்ளை ஒற்றைக் கண்ணை மெல்லத் திறந்து, அடுத்த வாங்கில் இருப்பவர்கள் என்ன செய்கின்றார்கள் என்று பார்க்கும். நூறு என்ற விடை முப்பது பேருக்கும் உரியது. மீற்றரோ அவர்களுள் எவருக்கும் இன்னும் உரியதாகவில்லை.

இது பிள்ளைகளின் குற்றமன்று. வாய்பாட்டிலே கற்ற அளவு வாயிலே நிற்கும். பத்து மில்லிமீற்றர் ஒரு சென்ரிமீற்றர், ஆயிரம் கிராம் ஒரு கிலோகிராம், ஆயிரம் மில்லிலீற்றர் ஒரு லீற்றர் என்று ஒப்புவித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்காரர் கொடுக்கும் பொதியைக் கையிலே வாங்கும்போது, அது கால் கிலோவா அரைக் கிலோவா என்று சொல்லத் தெரியாத மாணாக்கர் பலர். பாடமும் பொதியும் ஒரே பொருளைப் பற்றியவை என்ற எண்ணமே அவர்களுக்கு எழுவதில்லை.

நம் நாட்டிலே இதற்கு வேறொரு காரணமும் உண்டு. இலங்கை 1970களிலே மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அளவீட்டு அலகுகளையும் நியமங்களையும் வகுத்துரைத்தது. ஆயினும் பேச்சு வழக்கு சட்டத்துக்குப் பின்னால் மெதுவாகவே நடந்து வருகின்றது. காணி இன்றும் பேர்ச்சிலும் பரப்பிலும் விலை பேசப்படுகின்றது. பாண் இறாத்தற் கணக்கிலே கேட்கப்படுகின்றது. அரிசி உலையில் இடுமுன் சுண்டினால் அளக்கப்படுகின்றது. பூமாலை முழத்தினால் விற்கப்படுகின்றது. மீனவர் கடலின் ஆழத்தைப் பாகத்தினாற் கூறுகின்றனர். மாணாக்கர் கையிலிருக்கும் கோலிலே 30 சென்ரிமீற்றர் குறிக்கப்பட்டிருக்க, அதன் பெயரோ இன்னும் ‘அடிமட்டம்’ என்றே வழங்குகின்றது. ஆக, பிள்ளை இரண்டு உலகங்களில் வாழ்கின்றது. வகுப்பறையிலே மீற்றர், படலையைத் தாண்டினால் முழமும் பரப்பும்.

பழைய அளவைகளை அறியாமையின் அடையாளமென்று இகழ்வார் சிலர் உளர். அது பொருந்தாது. சாணும் முழமும் பாகமும் மனிதன் தன் உடம்போடு எப்போதும் கொண்டு திரிந்த அளவுகோல்கள். அவற்றை வீட்டிலே மறந்து வைத்துவிட்டு வர முடியாது. அவற்றின் குறை ஒன்றே: உன் முழமும் என் முழமும் ஒன்றல்ல. மெற்றிக் அளவைக்கு எல்லார்க்கும் பொதுவாயிருக்கும் சிறப்பு உண்டு. உடம்பிலே ஒட்டியிருக்கும் சிறப்பு இல்லை. அதனை உடம்போடு ஒட்டவைப்பதே வகுப்பறைப் பயிற்சியின் வேலை.

அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. முதலிலே ஒரு மீற்றர் வேண்டும். பழைய நாட்காட்டி அட்டையையோ பனையோலைச் சார்வையோ துல்லியமாக ஒரு மீற்றருக்கு வெட்டி, பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு நிறமாகத் தீட்டிக்கொள்ளலாம். கயிற்றினாற் செய்தலைத் தவிர்த்தல் நன்று. கயிறு இழுத்தால் நீளும், நனைந்தால் வேறாகும். ஒவ்வொரு பிள்ளையும் இந்தக் கோலைத் தன் உடம்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து வைத்தால் அது தன் மார்புவரை வருகின்றதா, தோள்வரை வருகின்றதா? தன் சாண் எத்தனை சென்ரிமீற்றர்? சுண்டுவிரல் நகத்தின் அகலம் எத்தனை மில்லிமீற்றர்? பத்துக் காலடி நடந்தால் எத்தனை மீற்றர்? இவற்றை அப்பியாசக் கொப்பியின் முதற் பக்கத்திலே எழுதி வைத்துக்கொண்டால், கோல் இல்லாத இடத்திலும் பிள்ளைக்கு ஓர் அளவுகோல் இருக்கும். தை மாதத்திலே எழுதிய சாண் மார்கழியிலே நீண்டிருக்கும் என்பதையும் மறத்தல் கூடாது. அளவுகோலே வளர்ந்துவிட்டதைக் கண்டு பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

இனி, பயிற்சியின் உயிர்நிலை எதுவென்றால், அளப்பதற்கு முன் மதிப்பிடுதல். கரும்பலகையின் நீளம், மேசையின் உயரம், வெண்கட்டியின் நீளம், வாயிற்கதவின் அகலம் என்று நான்கைந்து பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் மதிப்பீட்டை முதலில் எழுத வேண்டும். எழுதிய பின்னரே கோலை எடுக்க வேண்டும். மதிப்பீடு, அளந்த அளவு, இரண்டுக்குமுள்ள வேறுபாடு என்று மூன்று நிரல்கள். இங்கே ஆசிரியர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்குப் பிழையென்றால் அச்சம். ஆதலால் முதலில் அளந்துவிட்டு, அதன்பின் மதிப்பீட்டு நிரலிலே அதற்கு அணித்தான ஓர் எண்ணை எழுதிவிடுவர். வேறுபாடு ஒரு சென்ரிமீற்றர், இரண்டு சென்ரிமீற்றர் என்று அழகாக வரும். அவ்வாறு வந்த அட்டவணை பார்வைக்கு நன்றாயிருக்கும். அதனாற் கற்றது ஒன்றுமில்லை. கரும்பலகை இரண்டு மீற்றர் என்று எண்ணியிருந்த பிள்ளை, அது மூன்றரை மீற்றர் என்று கண்டு திகைக்கும் அந்தக் கணத்திலேதான் மீற்றர் அதன் மனத்திலே சென்று தங்குகின்றது. முதல் நாளிலே வேறுபாடு பெரிதாக இருப்பதற்கு மதிப்பெண் குறைத்தல் ஆகாது.

கோலைப் பயன்படுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பென்சிலின் நுனியை 3 என்ற குறியில் வைத்து, மறுநுனி 11 இல் முடிவதாகக் காட்டி, நீளம் என்னவென்று கேட்டால், பதினொன்று என்பார் பலர். ஒன்பது என்பார் சிலர். முதல் வகையினர் கோலின் முடிவிலுள்ள எண்ணை வாசிக்கின்றனர். இரண்டாம் வகையினர் மூன்று முதல் பதினொன்று வரையுள்ள கோடுகளை எண்ணுகின்றனர். நீளம் என்பது கோடுகளுக்கு இடையிலே உள்ள இடைவெளி, அவை எட்டு. இதனை உணர்த்துவதற்கு மிகச் சிறந்த கருவி, முனை முறிந்த அடிமட்டம். வகுப்பிலே முறிந்த அடிமட்டங்களுக்குப் பஞ்சமில்லை. குப்பைக்குப் போக வேண்டிய அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஆசிரியர் நல்லதொரு கருவிப் பெட்டியை வைத்திருக்கின்றார்.

ஒரே மேசையை ஆறு குழுக்கள் அளந்தால் ஆறு விடைகள் வரக்கூடும். 118 சென்ரிமீற்றர் என்று ஒரு குழு, 118.5 என்று மற்றொன்று. 121 என்று இன்னொன்று. பொதுவாக ஆசிரியர் செய்வது, தாம் அளந்த அளவே சரியென்று அறிவித்து, ஏனையவற்றைக் கரும்பலகையிலிருந்து துடைத்துவிடுதல். அவ்வாறு துடைக்கப்படுவது வெறும் எண்ணன்று. எங்கே கோல் சரிந்தது, எங்கே ஒரு கோலின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இடையிலே விரலிடை விழுந்தது, யார் பக்கவாட்டிலே நின்று குறியை வாசித்தார் என்ற ஆராய்ச்சி அத்தனையும் அதனோடு போய்விடுகின்றது.

மீற்றரின் வரலாற்றிலேயே இதற்கொரு துயரமான சான்று உண்டு. பிரான்சிலே புரட்சி மூண்டிருந்த காலத்தில், வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தின் கோடியில் ஒரு பங்கே மீற்றர் என்று வகுத்தனர். அந்தத் தூரத்தைக் கணிப்பதற்காக 1792 ஆம் ஆண்டிலே டெலாம்பர், மெஷேன் என்ற இரு வானியலறிஞர் புறப்பட்டனர். வடக்கே டன்கேர்க் முதல் தெற்கே பார்சலோனா வரையுள்ள நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்து முடிக்க ஏழாண்டுகள் வரை சென்றன. தெற்குப் பகுதியை ஏற்ற மெஷேன், பார்சலோனாவிலே இரண்டு இடங்களிலிருந்து விண்மீன்களை நோக்கி அகலக்கோட்டைக் கணித்தபோது, இரண்டு விடைகளும் ஏறக்குறைய மூன்று விகலை அளவு ஒவ்வாதிருக்கக் கண்டார். நிலத்திலே அது நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம். எங்கே பிழை என்று அவருக்குப் புலப்படவில்லை. அதனை வெளியிட அவர் நாணினார். தம் குறிப்புகளிலே மறைத்தார். 1799 ஆம் ஆண்டிலே பிளாற்றினக் கோலாக மீற்றர் அரங்கேறிய பின்னரும் அந்த மறைவு அவரை விடாது வாட்டியது. மீண்டும் அளப்பதற்காக ஸ்பெயினுக்குச் சென்றவர், 1804 இல் அங்கே காய்ச்சலினால் இறந்தார். அவருடைய தாள்களை ஆராய்ந்த டெலாம்பரே பின்னர் இதனைக் கண்டார். மெஷேன் கவனமற்றவரல்லர், அக்காலத்திலே மிகக் கவனமாக நோக்கியவருள் ஒருவர். எவ்வளவு கவனமாக அளப்பினும் அளவுகள் சிறிதளவு வேறுபடும் என்பதும், அந்த வேறுபாட்டை ஆராய்வதற்கு ஒரு கணிதம் வேண்டும் என்பதும் அக்காலத்திலே இன்னும் தெளிவாகவில்லை. தம் விடை மற்றவர் விடையோடு ஒவ்வவில்லையே என்று எண்ணை அழித்துத் திருத்தும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அந்தப் பேரறிஞரும் ஒரே வாங்கிலே இருப்பவர்கள்தாம். ஆறு விடைகளையும் கரும்பலகையிலே விட்டு வைத்து, ‘மறுபடியும் அளந்து பார்ப்போமா?’ என்று கேட்கும் ஆசிரியர் பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்குகின்றார்.

பரப்பளவுக்கு வருவோம். சதுர மீற்றர் என்றதும் நீளத்தை அகலத்தாற் பெருக்குதல் என்று பிள்ளைகள் சொல்வர். அதன் பருமனைக் காட்டுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வழங்கும் ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடையது. இந்த அளவு எங்கிருந்தோ தற்செயலாக வந்ததன்று. ஒரு சதுர மீற்றர்ப் பரப்புள்ள பெரிய தாளை நான்கு முறை பாதி பாதியாக வெட்டினால் கிடைப்பதே ஏ4. ஆதலால் பழைய ஏ4 தாள்கள் பதினாறினை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தரையிலே ஒட்டினால், மிகச் சிறு வேறுபாட்டோடு ஒரு சதுர மீற்றர் கண்முன்னே கிடக்கும். அதன் வடிவம் சதுரமாயிராது, நீள்சதுரமாயிருக்கும். சதுர மீற்றர் சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கொண்டிருக்கும் எண்ணத்தை அகற்றுவதற்கு இது மேலும் நல்லது.

விளையாட்டு மைதானத்துக்குச் சென்று, ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றராக ஒரு சதுரத்தைச் சுண்ணாம்பினாற் குறித்தால், 25 சதுர மீற்றர். ஒரு பேர்ச் என்பது 25.3 சதுர மீற்றர். பிள்ளைகள் நிற்பது ஏறத்தாழ ஒரு பேர்ச்சிலே! பதினாறு மீற்றருக்குப் பதினாறு மீற்றராகக் குறித்தால் 256 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்து வழக்கில் ஏக்கரொன்றுக்குப் பதினாறாக எண்ணப்படும் பரப்பு 253 சதுர மீற்றர். அதுவும் இங்கே அகப்பட்டுவிட்டது. ஒரு ஹெக்டேயருக்கு இத்தகைய பரப்புகள் முப்பத்தொன்பதரை. பெற்றோர் வீட்டிலே காணி பேசும்போது பிள்ளை கேட்பது பரப்பு. நில அளவையாளரின் படத்திலே காண்பது ஹெக்டேயர். இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலே ஒருவராவது இருப்பது, காணி வாங்கும் குடும்பத்துக்கும் விற்கும் குடும்பத்துக்கும் சிறிய உதவியன்று.

மேற்சொன்ன ஏ4 தாள் இன்னுமொரு வகையிலும் பயன்படும். தாட்கட்டின் மேலுறையிலே, ஒரு சதுர மீற்றருக்கு 80 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். பதினாறு தாள்கள் ஒரு சதுர மீற்றராதலால், ஒரு தாளின் நிறை ஐந்து கிராம். இருபது தாள்கள் நூறு கிராம். வகுப்பறையிலே தராசுப் படிகள் இல்லையே என்று கவலையுறும் ஆசிரியரின் மேசையிலே அவை அடுக்கடுக்காக இருக்கின்றன.

தராசும் செய்துகொள்ளலாம். ஒரே அளவான இரு சிரட்டைகளைத் துளையிட்டு, நேரான ஒரு கோலின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, நடுவிலே நூல் கட்டித் தூக்கினால் போதும். கோல் ஒரு பக்கம் சரிந்தால், உயர்ந்து நிற்கும் பக்கத்திலே சிறிது களிமண்ணை ஒட்டிச் சமன்செய்ய வேண்டும். அடுத்து, ஊசியில்லாத மருந்துச் சிறிஞ்சினால் நூறு மில்லிலீற்றர் நீரை எடுத்து ஒரு பொலித்தீன் பையிலே கட்டினால், அதன் நிறை நூறு கிராம். நீரின் ஒரு மில்லிலீற்றர் ஒரு கிராம் என்பது மெற்றிக் முறையை ஆக்கியோர் வேண்டுமென்றே அமைத்த இசைவு. அந்த நீர்ப்பையோடு சமன்செய்து மணற்பைகளைக் கட்டிக்கொண்டால் 100 கிராம், 200 கிராம், 500 கிராம் என்ற படிகள் ஆயத்தம். ஒரு லீற்றர்ப் போத்தல் நிறைய நீரைக் கையிலே தூக்கினால் ஒரு கிலோகிராம். போத்தலின் நிறையும் சேர்ந்திருக்கின்றதே என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லுமாயின், அன்றைய பாடம் வெற்றி பெற்றது என்று கொள்ளலாம். வெற்றுப் போத்தலை நிறுத்துக் கழிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பொதியின் நிறை வேறு, பொருளின் நிறை வேறு என்பதை ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து பொருள்களைக் கொண்டுவரச் செய்தல் பயிற்சிக்குச் சுவையூட்டும். சவர்க்காரக் கட்டியொன்று, 400 கிராம் பால்மாப் பொதியொன்று, தேங்காயொன்று, பாண் ஒன்று. கையிலே தூக்கிப் பார்த்து, பாரம் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்திவிட்டுப் பின்னர் நிறுக்க வேண்டும். பெரிதாகத் தோன்றுவது பாரமானது என்ற மயக்கம் பாண் ஒன்றினாலேயே தீர்ந்துவிடும். பாண் பற்றி வேறொரு செய்தியும் உண்டு. ஓர் இறாத்தல் 453.6 கிராம். நம் நாட்டிலே முழுப்பாண் ஒன்று 450 கிராமும் அரைப்பாண் 225 கிராமும் நிறையுடையதாய் இருத்தல் வேண்டும் என்று 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானி மூலம் விதித்தது. விதி வர்த்தமானியிலே இருக்கின்றது. பாண் பிள்ளையின் கையிலே இருக்கின்றது. இரண்டும் பொருந்துகின்றனவா என்று வகுப்பறைத் தராசு சொல்லும். இதனைப் பிள்ளைகள் செய்வதால் எந்தப் பேக்கரிக்காரரும் வருந்த வேண்டியதில்லை, பாண் சரியான நிறையுடையதாயிருந்தால்.

சுண்டையும் வகுப்புக்குள் அழைக்கலாம். நான்கு சுண்டு ஒரு கொத்து, முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல் என்ற கணக்கின்படி ஒரு சுண்டு ஏறத்தாழ 284 மில்லிலீற்றர். ஆகவே ஒரு லீற்றருக்கு மூன்றரைச் சுண்டு. வீட்டிலே அரிசி அளக்கும் பேணியைக் கொண்டுவந்து நீரால் அளந்து பார்த்தால் அது இந்தக் கணக்குக்கு எவ்வளவு அணித்து என்பது தெரியவரும். அதே பேணியிலே அரிசியைத் தலைதட்டி அளந்தும் குவித்து அளந்தும் நிறுத்துப் பார்த்தால், அரிசியைக் கொள்ளளவால் விற்பதிலே யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பதும் விளங்கும்.

எண்ணெயின் கதை இன்னும் கூர்மையானது. நீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ என்று கற்ற பிள்ளை, எல்லாத் திரவமும் அப்படியே என்று எண்ணிவிடக்கூடும். தேங்காயெண்ணெய் ஒரு லீற்றர் ஏறக்குறைய 920 கிராம். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 800 கிராம். நீரிலே இரண்டும் மிதப்பதை எந்தப் பிள்ளையும் கண்டிருக்கும். கடையிலே தேங்காயெண்ணெய் ஓரிடத்திலே கிலோவுக்கும் மற்றோரிடத்திலே 750 மில்லிலீற்றர்ப் போத்தலுக்குமாக விற்கப்படுகின்றது. ஒரு போத்தல் எண்ணெய் 690 கிராம் என்று கணக்கிடத் தெரியாதவர், இரண்டு விலைகளையும் வைத்துக்கொண்டு எது மலிவு என்று எப்படிச் சொல்வார்?

இந்த ஒரு சிறு உணர்வு இல்லாமையால் ஒரு விமானமே வீழ இருந்தது. 1983 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள், கனடா நாடு மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த வேளை. மொன்றியாலிலிருந்து எட்மன்ரனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா விமானமொன்றுக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டியிருந்தது. எரிபொருள் மானி பழுதடைந்திருந்தமையால், தாங்கியிலே கோலிட்டுப் பார்த்து, 7,682 லீற்றர் இருப்பதாகக் கண்டனர். லீற்றரைக் கிலோகிராமாக மாற்றுவதற்கு 1.77 என்ற எண்ணாற் பெருக்கினர். அந்த எண் ஒரு லீற்றர் எரிபொருள் எத்தனை இறாத்தல் என்பதைத் தருவது. கிலோகிராமுக்கு உரிய எண் 0.8. ஆகவே 20,000 லீற்றருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்திலே 4,916 லீற்றரே நிரப்பினர். வேண்டிய அளவிலே பாதிக்கும் குறைவான எரிபொருளோடு ஏறிய விமானம், 41,000 அடி உயரத்திலே இயந்திரங்கள் ஓய்ந்து, காற்றிலே சறுக்கி, கிம்லி என்னுமிடத்திலே கைவிடப்பட்ட விமானத் தளமொன்றில் இறங்கியது. விமானியின் திறத்தினால் அதிலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர்.

கணக்கிலே பெருக்கற் பிழை இல்லை. பலர் கைப்பட்ட தாள் அது. திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்டது. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது, நீரிலே மிதப்பது. நீரே ஒரு லீற்றருக்கு ஒரு கிலோவாயிருக்க, நீரிலே மிதக்கும் பொருள் ஒரு லீற்றருக்கு 1.77 கிலோ எங்ஙனம் ஆகும்? இந்த வினாவை எழுப்புவதற்கு விமானவியல் அறிவு வேண்டியதில்லை. சிரட்டைத் தராசிலே ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் எண்ணெயும் வைத்துப் பார்த்த ஒரு பிள்ளையின் அறிவு போதும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு மீற்றர் நூலிலே சிறு கல்லைக் கட்டி மெல்ல ஆட்டினால், போய்த் திரும்பும் ஆட்டங்கள் ஒரு நிமிடத்திலே ஏறத்தாழ முப்பது. கல் பெரிதாயினும் சிறிதாயினும் அவ்வளவே. பிள்ளைகள் இதனை நம்பமாட்டார்கள். நம்பாதது நன்று, தாமே செய்து பார்க்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு மிகச் சிறிய அளவொன்று எஞ்சியிருக்கின்றது. அது ஐந்து மில்லிலீற்றர். காய்ச்சலுற்ற குழந்தைக்குக் கொடுக்கும் பாணி மருந்தின் போத்தலிலே எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அந்த அளவிலேதான். மருந்தோடு வந்த அளவுக் கிண்ணம் தொலைந்து போய்விட்டால், ‘ஒரு தேக்கரண்டி’ என்று வீட்டார் சமையலறைக் கரண்டியை எடுப்பர். கிரேக்க நாட்டிலே சில வீடுகளிலிருந்து தேக்கரண்டிகளைச் சேர்த்து அளந்து 2010 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வொன்றிலே, மிகச் சிறிய கரண்டி இரண்டரை மில்லிலீற்றரும் மிகப் பெரியது ஏழு மில்லிலீற்றருக்கு மேலும் கொண்டன. ஒரு வீட்டுக் குழந்தை பெறுவது பாதி மருந்து. மற்றொரு வீட்டுக் குழந்தை பெறுவது ஒன்றரை மடங்கு. நம் வீடுகளின் கரண்டிகளும் ஒரே அச்சிலே வார்த்தவையல்ல.

ஆதலால் வகுப்பின் கடைசிப் பயிற்சியாக இதனை வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு தேக்கரண்டியைக் கொண்டுவர வேண்டும். சிறிஞ்சிலே நீரை எடுத்து, கரண்டி ததும்பும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லிலீற்றர் சென்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சிறிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வாசிக்க வேண்டும் என்பதை ஆசிரியர் இங்கே செய்து காட்டலாம். அளவுக் கிண்ணத்தைப் பயன்படுத்தும்போது, நீரின் மேற்பரப்பு ஓரங்களிலே சற்று மேலேறி நடுவிலே தாழ்ந்திருக்கும். தாழ்ந்த இடத்தின் குறியையே எடுக்க வேண்டும். பின்னர் எல்லா எண்களையும் கரும்பலகையிலே, முன்போலவே ஒன்றையும் துடைக்காமல், வரிசையாக எழுதலாம். தன் வீட்டுக் கரண்டி நாலு மில்லிலீற்றர்தான் பிடிக்கின்றது என்று கண்ட பிள்ளை, அன்று மாலை அதனை அம்மாவிடம் சொல்லாமலிராது. மருந்துக் கடையிலே கேட்டால் மில்லிலீற்றர்க் குறியிட்ட சிறிஞ்சு சிறு விலைக்குக் கிடைக்கும் என்பதையும் சொல்லியனுப்பினால், பயிற்சி பாடசாலை மணியோடு நின்றுவிடாது.